கடலூர்–புதுச்சேரி சர்வசமய அஞ்சலி நிகழ்ச்சிகள்: எதற்குப் போகலாம், எதில் என்ன குறை

வருடத்துக்கு இரண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் டிசம்பர் 26 காலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும், மாசி மகத்தன்று சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்கும் போங்கள். மூன்றாவதாக ஒரு நாள் கிடைத்தால் வடலூர். மற்றவற்றில் சில நல்லவை, சில இன்னும் நன்றாக நடக்க வேண்டியவை. ஒன்றிரண்டு பேனருக்காகவும் புகைப்படத்துக்காகவும் மட்டுமே நடக்கின்றன.

மேடையில் எத்தனை மதத்துப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள் என்று எண்ணி இவற்றை மதிப்பிடக் கூடாது. நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். இழந்த குடும்பங்கள் எங்கே உட்காருகிறார்கள்? மௌனம் கலையாமல் நடக்கிறதா? ஒருவருடைய வழிபாட்டை இன்னொருவர்மேல் திணிக்காமல் இருக்கிறார்களா? ஒரு சமயத்தார் மற்றவருக்காகக் கையால் செய்யும் வேலை ஏதாவது இருக்கிறதா? நான்காவது இருந்துவிட்டால் மற்ற மூன்றும் பெரும்பாலும் தாமாக அமைந்துவிடுகின்றன.

முதலில் சுனாமி நினைவு நாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மார்கழிப் பௌர்ணமி. காலை 6.29க்கு சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம். சுமார் இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்துக் கடும் அடி வாங்கிய மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று ஆரம்பித்துத் தெற்கே கிள்ளை வரை கரையில் இருந்த குப்பங்கள் எல்லாம் அடிபட்டன.

ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு இந்த ஊர்களில் படகு கடலுக்குப் போவதில்லை. குடும்பம் குடும்பமாகக் கரைக்கு வந்து பாலை ஊற்றி, பூவைத் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். தேவனாம்பட்டினத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. ஊர்க்காரர்களோடு கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் தொண்டு அமைப்பினரும் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். இந்த நாளின் பலம் பிள்ளைகளை இழந்த பெண்கள்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, போன பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கடலைப் பார்த்து அழுகிறார்கள். அந்த அழுகைக்கு முன்னால் எந்த நிகழ்ச்சி நிரலும் நிற்காது. நடத்துகிறவர்கள் அதைப் புரிந்துகொண்டு ஒதுங்கி நின்றால் காலை சிறப்பாகப் போகிறது. புரிந்துகொள்ளாத வருடங்களில், அழுகிறவர்களின் தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கர் கத்துகிறது.

ஒலிபெருக்கியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். கடற்கரைக் கூட்டங்கள் கெடுவது முக்கால்வாசி இதனால்தான். குழாய் ஸ்பீக்கர் ஒரே திசையில் கத்தும். நேரெதிரே நிற்பவர் காது அடைக்கும், இருபதடி பக்கத்தில் நிற்பவருக்கு வார்த்தை புரியாது. முந்நூறு பேர் வரைக்குமான கூட்டத்துக்கு, ஆளுயர ஸ்டாண்டில் இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்து, கடலுக்கு முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினால் போதும். பேசுகிற மைக் அந்த பாக்ஸ்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் வந்தால் கீச்சென்று கத்தும். டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, அதாவது கடல் பக்கத்திலிருந்து. மைக்கின் தலைக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் பேச்சு முழுக்க ‘புஸ் புஸ்’ என்று காற்றுதான் கேட்கும். உறை இல்லை என்றால் சுத்தமான பருத்திக் கைக்குட்டையை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளலாம். ஜெனரேட்டரைக் கூட்டத்துக்கு மேற்கே, காற்று போகிற பக்கம், குறைந்தது நூறு அடி தள்ளி வைக்க வேண்டும். அதைக் கடல் பக்கம் வைத்துவிட்டால் மௌன அஞ்சலி நேரத்தில் டீசல் வாடையும் இரைச்சலும்தான் மிஞ்சும்.

மெழுகுவர்த்தியும் இதே கதைதான். காலை எட்டரை ஒன்பதுக்கு மேல் காற்று ஏறிவிடும். வெறும் மெழுகுவர்த்தி நிற்காது. பிளாஸ்டிக் கப்பின் அடியில் துளை போட்டுச் செருகுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது உருகி நாறும், பிறகு கடலுக்கும் போகும். அதைவிட நல்ல வழி இருக்கிறது: மணலை ஒரு முழ உயரத்துக்கு வளைவாக அணை போலக் குவித்து, அதன் மேற்குப் பக்க அடியில் அகல் விளக்கு வைப்பது. திரி தடியாக இருக்கட்டும், எண்ணெய் விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே நிற்கட்டும். குடும்பத்துக்கு ஒரு விளக்கு என்று கணக்கு வைத்தால் ஐம்பது குடும்பத்துக்கு மூன்று லிட்டர் எண்ணெய் தாராளம். முடிந்ததும் அகலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மெழுகு மாதிரி மணலில் கலந்து கிடக்காது. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையான சில்வர் பீச்சும் அதன் இரு பக்கக் கரைகளும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட ஏறி வருகிற இடம். சனவரியில் ஆரம்பிக்கிற பருவத்துக்கு முன்னால் கரையைச் சுத்தமாக விட்டுப் போவது அஞ்சலியில் ஒரு பங்குதான்.

மாலை, பூ கொண்டுபோகிறவர்கள் பூக்கடையில் வாங்கும்போதே வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள். நைலான் நூலில் கட்டிய மாலை கடலில் அவிழாது, மீனவர் வலையில்தான் சிக்கும். ஜிகினாவும் தெர்மாகோலும் வைத்த மலர்வளையம் வேண்டவே வேண்டாம். பால் பாக்கெட்டை அங்கே கிழிக்காமல், வீட்டிலேயே சொம்பில் ஊற்றிக்கொண்டு போங்கள். குடிநீருக்கு முந்நூறு பேருக்கு 20 லிட்டர் கேன் ஆறு வேண்டும். எவர்சில்வர் டம்ளர் முப்பது வைத்துக் கழுவிக் கழுவிக் கொடுத்தால் தண்ணீர் பாக்கெட்டுக் குப்பை சேராது.

இந்த நாளில் தவறாமல் சொதப்புகிற இன்னொன்று பெயர் வாசிப்பு. பெயர் வாசிக்கிற நிகழ்ச்சிதான் அஞ்சலிகளிலேயே உயர்ந்தது. அதனாலேயே அதில் வரும் பிழை ஆழமாகக் குத்துகிறது. ஒரு பெயருக்கு ஐந்து விநாடி என்றால் அறுபது பெயருக்கு ஐந்து நிமிடம். அறுநூறு பெயருக்கு ஐம்பது நிமிடம். மாவட்டம் முழுவதுக்குமான பட்டியலை ஒரே இடத்தில் வாசிக்க முயன்றால் பாதியில் வேகம் கூடும், பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடைசிப் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள் கலைந்து போயிருப்பார்கள். ஊர்வாரியாகப் பிரித்து அந்தந்த ஊர்க் கரையில் வாசிப்பதுதான் முறை. பட்டியலை ஒரு வாரம் முன்பே குடும்பத்தாரிடம் காட்டித் திருத்த வேண்டும். அரசுப் பட்டியலில் பெண்களின் பெயர் கணவர் பெயரோடும், குழந்தைகளின் பெயர் பள்ளிப் பதிவில் இருந்தபடியும் இருக்கும். தாய் கூப்பிட்ட பெயர் வேறு. இரண்டையும் வாசிக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. வாசிப்பவர் மேடைக்காரராக இல்லாமல் அந்த ஊரிலேயே படிக்கிற ஒரு பிள்ளையாக இருந்தால் நிறுத்தி, சரியாக உச்சரித்து வாசிக்கும். முதல் நாள் சாயங்காலம் ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மௌனத்தைத் தொடங்க சைரன் கூடாது. கடற்கரைக் குப்பத்தில் சைரன் என்றால் எச்சரிக்கை, வயதானவர்கள் பதறிவிடுவார்கள். பறையில் ஓர் அடி, இரண்டு நிமிடம் கழித்து இன்னோர் அடி. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். “இரண்டு நிமிடம்” என்று மைக்கில் சொல்லிவிட்டு நாற்பது விநாடியில் “நன்றி, அமரலாம்” என்று முடிப்பது அடிக்கடி நடக்கிறது. இழந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

இந்த நாளைச் சர்வசமய நாள் என்று சொல்வதற்கு அசல் காரணம் மேடையில் இல்லை, பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. அன்று அலைக்குத் தப்பி ஓடிவந்த சுற்றுவட்டக் குப்பத்து மீனவக் குடும்பங்களை அந்த ஊர் ஜமாத்தார் தங்கவைத்தார்கள், சமைத்துப் போட்டார்கள், உடல்களை எடுக்கவும் கை கொடுத்தார்கள். இந்து மீனவர், முஸ்லிம் வணிகர் என்ற பேச்சு அன்றைக்கு எழவில்லை. நினைவு நாள் உரைகளில் இது வர வேண்டிய அளவுக்கு வருவதில்லை என்பது என் பெரிய மனக்குறை. அமைதி, நல்லிணக்கம் என்று பொதுவாக அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில், அன்று அண்டா வைத்துச் சமைத்தவர்களில் ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் போதும். சாப்பிட்டவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

தேவனாம்பட்டினத்துக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் கரையில் இருப்பது நல்லது. ஒன்பதரைக்கு மேல் வண்டிகள் சேர்ந்து சில்வர் பீச் சாலை அடைத்துக்கொள்ளும். மஞ்சக்குப்பத்தில் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போகலாம். கைப்பேசியை எடுத்து அழுகிற முகங்களைப் படம் பிடிக்காதீர்கள்.

கிள்ளைக்கு வருவோம். நினைவஞ்சலி என்ற பெயரில் இது நடப்பதில்லை. ஆனால் மாசி மகம் கடற்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிற நாள். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளை முழுக்குத்துறைக் கடலுக்கு வருகிற நாள். ஊர் ஊராகத் தங்கி மண்டகப்படி வாங்கிக்கொண்டு வருகிற பெருமாள், கிள்ளை தைக்காலை அடையும்போது அங்கே தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியர்கள் பட்டும் மாலையும் சீர்வரிசையும் கொண்டுவந்து வரவேற்கிறார்கள். கோயில் தரப்பிலிருந்து தர்காவுக்கு மரியாதை போகிறது. அங்கே ஃபாத்திஹா ஓதி, சர்க்கரை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பேனர் கட்டி ‘மத நல்லிணக்க விழா’ என்று அறிவிக்க வேண்டிய அவசியமே இங்கே கிடையாது.

ஏன் இதை முதல் இரண்டில் வைக்கிறேன் என்றால், இங்கே யாரும் தன் வழிபாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. பட்டர் தன் ஆகமப்படி தீபாராதனை காட்டுகிறார், தர்காவில் ஃபாத்திஹா ஓதப்படுகிறது. ஒருவர் மந்திரத்தை மற்றவர் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இருப்பது ஒரு விருந்தோம்பல்: வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதது. புதிதாகச் சர்வசமய நிகழ்ச்சி நடத்த நினைக்கிறவர்கள் முதலில் இங்கே வந்து ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்க்க வேண்டும்.

குறை என்றால் கூட்டமும் வெயிலும். மாசியில் வெயில் ஏற ஆரம்பித்துவிடும், நிழல் குறைவு. தைக்கால் வரவேற்பைப் பார்க்க வேண்டுமானால் சுவாமி எப்போது அங்கே வருகிறார் என்பதை முதல் நாளே உள்ளூரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உபயங்கள் கூடினால் நேரம் தள்ளிப்போகும். பலர் நேராகக் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தவாரியை மட்டும் பார்த்துவிட்டு, வரவேற்பைத் தவறவிடுகிறார்கள். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற பேருந்து கிள்ளை வழியாகத்தான் போகும். முழுக்குத்துறையில் இறங்கிக் குளிக்கிறவர்கள் முகத்துவாரப் பக்கம் போகாமல் இருப்பது உயிருக்கு நல்லது. அங்கே இழுப்பு அதிகம்.

காந்தி நினைவு நாளான சனவரி 30 புதுச்சேரிக்கு உரிய நாள். கடற்கரைச் சாலையில், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவே நிற்கிற காந்தி சிலைக்கு மாலை போட்டு, பஜனையும் சர்வசமயப் பிரார்த்தனையும் நடக்கின்றன. நாடு முழுவதும் அன்றைக்கு 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அரசு விதிமுறை தெளிவானது: 10.59லிருந்து 11 வரை ஒலி, பிறகு மௌனம், 11.02லிருந்து 11.03 வரை மீண்டும் ஒலி. இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு பார்த்தால் நகரத்தின் மற்ற இடங்கள் ஏமாற்றமே தருகின்றன. சிலைக்குச் சில தெரு தள்ளி ஹார்ன் சத்தம் ஒரு நொடிகூட நிற்பதில்லை. பள்ளிகளும் அலுவலகங்களும் ஆளுக்கொரு கடிகாரத்தில் ஆரம்பிக்கின்றன.

பிரார்த்தனைப் பகுதி பரவாயில்லை ரகம். ஒவ்வொரு சமயத்திலிருந்தும் ஒரு வாசகம் படிப்பது நல்ல முறை. ஆனால் படிப்பவர்கள் வாசகத்தோடு நிற்காமல் விளக்கவுரைக்குப் போய்விடுவது நேரத்தைத் தின்கிறது. குர்ஆனின் முதல் அத்தியாயமான அல் ஃபாத்திஹா ஏழே வசனம், நிதானமாக ஓதினாலும் ஒரு நிமிடம்தான். விவிலியத்தின் 23ஆம் சங்கீதம் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். ஒரு தேவாரப் பாடல் பண்ணோடு பாடினால் மூன்று நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டால் ஆறு பேர் பங்கெடுத்தாலும் இருபது நிமிடத்தில் நிறைவாக முடியும். வெள்ளிக்கிழமையில் வந்தால் இது இன்னும் முக்கியம், ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள் பன்னிரண்டுக்குள் கிளம்ப வேண்டியிருக்கும்.

1934இல் காந்தி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வந்தார், தீண்டாமைக்கு எதிரான பயணத்தில். அந்த நாளில் பேச எடுத்துக்கொள்ளத் தக்க விஷயம் அதுதான். பொதுவாக அகிம்சை என்று பேசுவதைவிட, நம் ஊருக்கு எதற்காக வந்தார் என்று பிள்ளைகளிடம் சொல்வது நிற்கும்.

இதே சனவரி 30ஆம் தேதிதான், 1874இல், வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் சித்தி பெற்றார். வடலூரை இந்த வரிசையில் சேர்ப்பது சரிதானா என்று சிலர் கேட்பார்கள், அது சன்மார்க்க நெறியின் தனி இடமாயிற்றே என்று. சாதி, சமயம், மதம் பார்க்காமல் பசித்தவருக்குச் சோறு என்று வடலூரில் அவர் 1867 மே 23இல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நல்லிணக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்று இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. யார் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள்.

வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தில் ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம்: காலை 6, 10, மதியம் 1, இரவு 7, 10, மறுநாள் காலை 5.30 என்று ஆறு காலம். முதல் காலமும் இரவு 7 மணியும் தாங்க முடியாத நெரிசல். மதியம் 1 மணிக்கும் மறுநாள் அதிகாலைக்கும் வயதானவர்களை அழைத்துப் போகலாம். கூட்டமே வேண்டாம் என்றால் மாதப் பூசத்துக்குப் போங்கள். அப்போது ஆறு திரை நீக்கிக் காட்டுவார்கள். சபைக்குள் நுழைகிறவர்களுக்குக் கொலை புலை (உயிர்க்கொலை, புலால்) தவிர்த்திருக்க வேண்டும் என்ற வள்ளலாரின் நிபந்தனை உண்டு. வெளிநாட்டு நண்பர்களையும் மற்ற சமய நண்பர்களையும் அழைத்துப் போகும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் சங்கடப்பட வேண்டாம். தருமச்சாலையில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அரிசியோ பருப்போ கொடுக்க விரும்பினால், பூச நாளில் கொண்டுபோய்க் குவிப்பதைவிடக் கூட்டம் இல்லாத நாளில் கொடுப்பது அவர்களுக்கு உதவி.

நவம்பர் மாதத்தில் இரண்டு. 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். புதுச்சேரியில் உப்பளம் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிடும். இது கிறிஸ்தவர்களின் நாள்தான் என்றாலும், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர் என்று மற்ற சமயத்தாரும் பூவோடு வருகிறார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை நடுவில் வருவதால் மூன்று நாள் முன்பு அடித்த சுண்ணாம்பு கரைந்துபோகிறது. சுத்தம் செய்கிற வேலையை வாரம் முன்பே முடித்து, வெள்ளையடிப்பதை வெயில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 11ஆம் தேதி கடற்கரைச் சாலை பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள், முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக. பிரார்த்தனை கிடையாது, சமயப் பெரியவர்களும் கிடையாது. குறித்த நேரத்தில் ஆரம்பித்து, பேச்சைச் சுருக்கி, மௌனத்தை முழுதாகக் காத்து முடிக்கிறார்கள். இறந்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு, கல் ஒன்றுதான். நேர ஒழுங்குக்கு மற்ற எல்லோரும் பார்த்துக் கற்க வேண்டிய நிகழ்ச்சி இது.

சமய நல்லிணக்க இஃப்தார்கள் இரண்டு ஊரிலும் ரமலானில் நிறைய நடக்கின்றன. தரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நன்றாக நடக்கிற இடங்களில், நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஒவ்வொருவர் முன்னாலும் பேரீச்சை மூன்று, தண்ணீர், கஞ்சி வைத்தாகிவிடும். பேச்சு அதற்கும் முன்னால் முடிந்திருக்கும். மோசமாக நடக்கிற இடங்களில், பதினான்கு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காதவர் முன்னால் சிறப்பு விருந்தினர் நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், பாங்கு கேட்ட பிறகும். மஃரிப் தொழுகைக்கு விரிப்பும் ஒளு செய்ய (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவ) தண்ணீர்க் குழாயும் ஏற்பாடு செய்யாத மண்டபத்தில் இஃப்தார் வைக்கவே கூடாது. ஐம்பது பேர் தொழ நான்கு குழாய் வேண்டும், இல்லையென்றால் நேரம் போய்விடும்.

எல்லோரும் சாப்பிடுகிற இடம் என்பதால் நோன்புக் கஞ்சியைக் கறி இல்லாமல் காய்ச்சுவது நல்ல வழக்கம். நூறு பேருக்குப் பச்சரிசிக் குருணை 5 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமுமாக 3 கிலோ, தக்காளி 2 கிலோ, இஞ்சி பூண்டு விழுது அரைக் கிலோ, வெந்தயம் 100 கிராம், தேங்காய் ஆறு. தண்ணீர் 45 லிட்டர் வரை இழுக்கும். பாசிப்பருப்பு அடிபிடிக்கும், கடைசி அரை மணி நேரம் ஒருவர் துடுப்பை விடவே கூடாது. தேங்காய்ப் பாலை இறக்குகிற நேரத்தில்தான் ஊற்ற வேண்டும்; முன்பே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும். இறக்கி ஒரு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும் என்பதால் 5 லிட்டர் வெந்நீர் தனியாகத் தயாராக இருக்கட்டும். பிள்ளையார் கோயில் தெருப் பையன்கள் துடுப்பு பிடித்துக் கிண்டுகிற ஒரு இஃப்தாரில், மேடையே போட வேண்டியதில்லை.

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கிற சமத்துவப் பொங்கலுக்கு ஒரு வரி: பானை பொங்குவதைப் படம் எடுத்ததும் கலைந்துவிடுகிறார்கள், பொங்கலை உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டால்தான் அதற்குப் பொருள். நவம்பர் 19 முதல் 25 வரையிலான மத நல்லிணக்க வாரம் உறுதிமொழி வாசிப்போடு நின்றுவிடுகிறது. அந்த நாட்களில் மழை வெள்ள நிவாரண வேலை இருந்தால் வாரத்தை அதோடு இணைத்துவிடலாம். 2011 டிசம்பர் 30 தானே புயலும், 2015 வெள்ளமும் அடித்தபோது இங்கே கோயில் மண்டபம், பள்ளிவாசல், தேவாலயம் என்று பார்க்காமல்தான் மக்கள் தங்கினார்கள்.

நடத்துகிறவர்களுக்குச் சில விஷயங்களை அழுத்தியே சொல்ல வேண்டும். குத்துவிளக்கு ஏற்றும்படி எல்லாச் சமயத்தாரையும் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். சிலருக்கு அது வெறும் விளக்கு, சிலருக்கு வழிபாடு. மறுக்கவும் முடியாமல் செய்யவும் மனமில்லாமல் அவர் நெளிவதை எல்லோரும் பார்ப்பார்கள். மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, நினைவுத்தூணில் பூ வைப்பது என்று யாருக்கும் தடையில்லாத ஒரு செயலை வைத்துக்கொள்ளுங்கள். திருநீறு, குங்குமம், புனித நீர், தபர்ருக் (தர்காப் பிரசாதம்) எதையும் தட்டில் ஏந்தி ஆள் ஆளாக நீட்டக் கூடாது. ஓரமாக வைத்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த ஊர்களில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் வீட்டிலும் இழப்பு இருக்கிறது, மௌனத்தில் அவர்களும் நிற்கிறார்கள் என்பதை அறிவிப்பில் சேர்த்துச் சொல்லுங்கள். தங்கள் மதத்துத் துண்டுப் பிரசுரங்களை யார் விநியோகித்தாலும் அன்பாக, உறுதியாக நிறுத்திவிட வேண்டும். ஒரு முறை நடந்தால் மறுவருடம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

யார் முதலில் ஓதுவது என்ற தகராறு தவிர்க்க முடியாதது போலத் தோன்றும். வயதில் மூத்தவர் முதலில் என்று வைத்துக்கொண்டால் யாரும் எதிர்ப்பதில்லை. இல்லையென்றால் வருடா வருடம் சுழற்சி. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். முன்வரிசை நாற்காலிகள் இழந்த குடும்பங்களுக்கு. முக்கியப் பிரமுகர் தாமதமானால் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது. அவர் வந்ததும் நடந்துகொண்டிருக்கிற வாசிப்பை நிறுத்திச் சால்வை போடுவதைப் போல அந்தத் தாய்மார்களைப் புண்படுத்துவது வேறொன்றும் இல்லை. சால்வையையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடுகிறார்கள். மாலை அஞ்சலிக்கு இது வரம். ஒலி தெளிவாகக் கேட்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் நடக்க முடியாத பெரியவர்களையும் ஆறு மணிக்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். திரும்பப் போகும்போது குறுக்குத் தெருவின் முனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கடலூர்க் கரைகளில் இப்படித் தனி வசதி இல்லை. மணலில் சக்கர நாற்காலி இறங்காது என்பதால், நடத்துகிறவர்கள் சாலை முடிகிற இடத்திலிருந்து முதல் வரிசை வரை பலகைகளை அடுக்கிப் பாதை போட்டுத் தர வேண்டும். ஒன்றரை அடி அகலம் போதாது, மூன்றடி வேண்டும்.